கேரட் கேக்: ஒரே அளவு, பல வகை

கேரட் கேக்குக்கு வெண்ணெயைவிட எண்ணெயே பொருத்தம். கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் கேக்கை நாள்கணக்கில் வைத்திருக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். அந்தக் குளிரில் வெண்ணெய் இறுகிக் கேக்கையும் கெட்டியாக்கிவிடும். மலேசிய வீடுகளில் புழங்கும் பாமாயிலும் குளிரில் உறையத் தொடங்கும் என்பதால், சூரியகாந்தி அல்லது சோள எண்ணெய் நல்லது.

அடிப்படை அளவு இது: மைதா 250 கிராம், துருவிய கேரட் 250 கிராம், சர்க்கரை 200 கிராம், எண்ணெய் 200 மில்லி, முட்டை 4, பேக்கிங் சோடா ஒரு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பட்டைத்தூள் இரண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பட்டையை முழுதாக வாங்கி வீட்டில் பொடித்தால் மணம் தனியாகத் தெரியும்.

கேரட்டைத் துருவியின் சிறு கண்ணில் துருவ வேண்டும். மிக்சியில் அரைத்தால் கூழாகி நீர் விடும், கேக்கின் நடுப்பகுதி வேகாது. மிகத் தடித்த கேரட்டின் நடுத்தண்டை நீக்கிவிடலாம்.

முட்டையையும் சர்க்கரையையும் வெளிறி நுரைக்கும்வரை அடித்து, எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்க வேண்டும். மற்றப் பொடிகளோடு சலித்த மாவைச் சேர்த்தபின் அதிகம் கிளறக் கூடாது. கிளறக் கிளற மாவில் பசைத்தன்மை ஏறிக் கேக் இறுகும். கேரட் கடைசியில் சேரும். 23 செ.மீ. தட்டில் ஊற்றி, முன்பே சூடேற்றிய ஓவனில் 175 டிகிரி செல்சியசில் 40 முதல் 45 நிமிடம் வேகவிட வேண்டும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் பதம்.

முட்டை சேர்க்காத வீடுகளில் நான்கு முட்டைக்குப் பதில் 240 மில்லி கெட்டித் தயிரும் ஒரு தேக்கரண்டி வினிகரும் போதும். புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவை உப்பச் செய்யும். மாவு கலந்ததும் தாமதிக்காமல் ஓவனில் வைக்க வேண்டும். வேக ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகும்.

உள்ளூர்ச் சுவைக்குக் குலா மலாக்கா (தென்னை வெல்லம்) வகையே சிறந்தது. சீவிய குலா மலாக்கா 180 கிராமை 100 மில்லி கெட்டித் தேங்காய்ப் பாலில் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவைத்துச் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்க வேண்டும். ஈரம் கூடுவதால் எண்ணெயை 150 மில்லியாகவும் கேரட்டை 200 கிராமாகவும் குறைப்பது அவசியம். கேரட் கேக்கில் வழக்கமாகப் போடும் வால்நட்டுக்குப் பதில் வறுத்த முந்திரி போடலாம். கேரட் அல்வாவின் மணம் விரும்புவோர் பட்டையைக் குறைத்து ஏலக்காயும் நெய்யில் பொரித்த திராட்சையும் சேர்க்கலாம்.

ஓவன் இல்லாதவர்கள் பாதி அளவை 18 செ.மீ. தட்டில் ஊற்றி, இட்லிப் பானையில் 40 முதல் 45 நிமிடம் அவிக்கலாம். மூடியைத் துணியால் கட்டாவிட்டால் நீர் சொட்டி மேற்பரப்பு குழையும்.

மேற்பூச்சுக்கு 80 கிராம் மென்மையான வெண்ணெயை 80 கிராம் ஐசிங் சர்க்கரையோடு குழைத்து, 200 கிராம் குளிர்ந்த கிரீம் சீஸைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்து நெடுநேரம் அடித்தால் பூச்சு நீர்த்துவிடும். கேக் முழுதாக ஆறிய பிறகே பூச வேண்டும். பூசிய கேக்கை இங்குள்ள பகல் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது பாதுகாப்பானதல்ல. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் கேக் நெடுநேரம் மேசையில் இருக்கும் என்பதால், அன்று பூச்சில்லாத கேக்கே சரி.