இலையுதிர்காலத்துக்கு ஒரு வீடு



டொரான்டோவில் இலையுதிர்காலம் செப்டம்பர் 22 அல்லது 23 அன்று, பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாளில் தொடங்குகிறது. அப்போது மாலை 7 மணிக்குப் பிறகு மறையும் சூரியன், நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதும் 5 மணி வாக்கிலேயே மறைந்துவிடுகிறது. இருட்டும் குளிரும் கூடக்கூட வீட்டுக்குள் கழியும் பொழுதும் கூடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பருவத்துக்கென்று வீட்டை மாற்றி அமைப்பது அதனால்தான். கடைகளில் கோடை முடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் இலைத் தோரணங்கள் வந்து குவிந்துவிடும். அவற்றிலிருந்து தொடங்குவது வீண் செலவு. முதலில் வெளிச்சம், அடுத்து கதகதப்பு, பிறகு துணிமணி. அலங்காரப் பொருள்களின் முறை கடைசியில்தான் வரும்.

பல்புப் பெட்டியின் மேல் கெல்வின் கணக்கில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 2700 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம். 6500 என்றால் நீலம் தோய்ந்த வெள்ளை. தமிழ்நாட்டு வீடுகளின் டியூப்லைட் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. வெயில் ஊரில் அந்த வெண்மை குளுமையாகத் தெரியும். குளிர் ஊரில் அதே வெளிச்சம் அறையை மருத்துவமனைக் கூடம்போல ஆக்கிவிடும். கூரையில் எரியும் ஒற்றை விளக்கைவிட, 2700 கெல்வின் பல்பு போட்ட இரண்டு மூன்று சிறு விளக்குகளை மூலைக்கொன்றாகத் தாழ வைப்பது நல்லது. நாற்காலிக்கு அருகில் ஒன்று கட்டாயம் வேண்டும். மெழுகுவர்த்தியும் அழகுதான், ஆனால் மாணவர் விடுதிகள் பலவற்றில் அதற்குத் தடை உண்டு. அங்கே பாட்டரியில் எரியும் எல்இடி வகை போதும். அக்டோபரிலோ நவம்பரிலோ வரும் தீபாவளிக்கு ஏற்றும் அகல்விளக்கும் இதே கணக்கில்தான் சேரும்.

கதகதப்புக்கு முதல் எதிரி ஜன்னல் இடுக்கு. காற்று வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஜன்னல் சட்டத்தின் ஓரமாகத் திரைச்சீலையில் படாமல் மெதுவாகக் கொண்டுபோனால் புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று நுழைகிறது. அந்த இடத்தில் ஒட்டும் நுரைப்பட்டையை ஒட்டிவிடலாம். கதவடி இடைவெளிக்குச் சுருட்டிய துண்டே போதும். தெற்குப் பார்த்த ஜன்னலின் திரையைப் பகலில் விலக்கி வெயிலை உள்ளே விட்டு, பொழுது சாய்ந்ததும் மூட வேண்டும். சுவரடியில் மின்சார ஹீட்டர் இருந்தால் திரைச்சீலை அதன்மேல் தொங்கக் கூடாது. காய்ந்த இலை, சோளத்தட்டை, காகிதம் எதுவானாலும் ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியே இருக்க வேண்டும்.

துணியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வெறுங்காலுக்குக் கீழே ஒரு தரைவிரிப்பு, நாற்காலி முதுகில் ஒரு கம்பளிப் போர்வை, மெத்தைத் திண்டுக்குத் தடித்த உறை. நிறம் மட்டும் இரண்டு மூன்றுக்குள் நிற்க வேண்டும். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, மரப்பழுப்பு இவற்றில் எதைத் தேர்ந்தாலும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரங்களோடு ஒத்துப்போகும்.

அந்த மரங்களின் நிறத்துக்குக் காரணம் உண்டு. பகல் சுருங்கியதும் இலையில் பச்சையம் சிதைகிறது; அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சளும் ஆரஞ்சும் வெளிப்படுகின்றன. பிர்ச் மரம் மஞ்சளாவது இப்படித்தான். மேப்பிளின் சிவப்பு வேறு கதை. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமி அந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. நல்ல வெயிலும், உறைபனி இல்லாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு கூடும். இலையைப் பொறுக்குவதற்கும் அதுவே நல்ல சமயம். ஈரமில்லாத, புதிதாக விழுந்த இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் அடுக்கி, கனமான புத்தகங்களை மேலே வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தட்டையாகக் காய்ந்துவிடும். நாளாக ஆக நிறம் மங்கும். ஆனால் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்க இதுவே ஏற்றது. வளைந்துகொடுக்கும் இலை வேண்டுமானால் ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து, இலைகளைச் சில நாள் அமிழ்த்தி வைக்க வேண்டும். நிறம் சற்றுக் கருக்கும், இலை நொறுங்காது. உருகிய தேன்மெழுகில் முக்கி எடுத்தால் நிறம் இன்னும் சில காலம் தங்கும். மெழுகை நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும்.

வாசற்கதவில் வட்ட வளையம் மாட்டுவது அங்கே வழக்கம். நம் ஊரில் மலர்வளையம் என்றால் சாவு வீடுதான் நினைவுக்கு வரும். அங்கே அது வருகிறவர்களுக்கு வரவேற்பு. காய்ந்த கொடியைச் சுற்றி, கோதுமைக் கதிரும் இலையும் செருகினால் போதும். ஆரஞ்சு நிறப் பழங்கள் அடர்ந்த ஆசிய பிட்டர்ஸ்வீட் கொடியை மட்டும் தவிர்க்க வேண்டும். ஆசியாவிலிருந்து போன அந்தக் கொடி வட அமெரிக்கக் காடுகளில் மரங்களைச் சுற்றி நெரிக்கிறது. வளையத்திலிருந்து பறவைகள் தின்னும் பழங்கள் வழியாக அதன் விதை பரவுகிறது. படிக்கட்டில் வைக்கச் சாமந்தித் தொட்டிகள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பாதி மொட்டாக இருக்கும் செடியாகப் பார்த்து வாங்கினால் அதிக நாள் பூக்கும்.

மணத்துக்குக் கடைத் திரவியம் தேவையில்லை. ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு ஆகியவற்றை நிறையத் தண்ணீரில் போட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது சிறு தீயில் கொதிக்கவிட்டால் வீடு முழுதும் மணக்கும். அங்கே கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த கேசியாப் பட்டை. இலங்கையின் மெல்லிய கருவாப்பட்டை சமையலுக்கு மேல். இந்த வேலைக்குக் காரம் மிகுந்த கேசியாவே போதும்.

மிச்சம் இருப்பது பரங்கிக்காய். கனடாவில் நன்றி நாள் அக்டோபர் இரண்டாம் திங்கள். ஹாலோவீன் அக்டோபர் 31. ஒரே காய் இரண்டுக்கும் உதவும், செதுக்காமல் வைத்திருந்தால். காம்பு ஒடியாத, தோல் கெட்டியான காயாக எடுத்து, காம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். உலர்ந்த குளிர்ந்த இடத்தில், கீழே ஓர் அட்டை போட்டு வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். உறைபனி பட்டால் குழைந்துவிடும். முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் பழக்கம் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கில் இருந்தது. அங்கிருந்து குடியேறியவர்கள் அமெரிக்க மண்ணின் பரங்கிக்காய்க்கு மாறினார்கள். செதுக்கிய காய் ஒரு வாரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஹாலோவீனுக்கு ஓரிரு நாள் முன்னதாகச் செதுக்கினால் போதும். செதுக்குவதற்கான பெரிய ரகம் நீர்த்தும் நாராகவும் இருக்கும். கூட்டுக்கும் சாம்பாருக்கும் சிறிய இனிப்பு ரகமே சரி. பண்டிகை முடிந்ததும் காயிலுள்ள மெழுகையும் விளக்கையும் எடுத்துவிட்டு, உரமாவதற்கான பச்சைத் தொட்டியில் போட வேண்டும். பெயின்ட் பூசிய காய் உரத்துக்கு ஆகாது.