பாறைச் சித்திரங்கள்

கேள்வி: சகாராப் பாலைவனத்தின் தசிலி மலைப் பள்ளத்தாக்குகளில் ஆதிமனிதர் தீட்டிய சித்திரங்களைப் பற்றிப் படித்தேன். அத்தகையவற்றை நம் நாட்டில் காண இயலுமா?
- வாசகர், கலஹா

பதில்: இயலும். பேராதனையிலிருந்து தங்கள் ஊருக்கு வரும் பாதையிலேயே உள்ள ஹிந்தகல விகாரையில், மழைநீர் உள்ளே வழியாதபடி மேல்விளிம்பைச் செதுக்கிய பாறையின் கீழ், ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட, சீகிரியா மரபை நினைவூட்டும் புத்தசரித்திரச் சித்திரமொன்றின் சிதைந்த பகுதி எஞ்சியிருக்கிறது. எனினும் அது சுதை பூசித் தேர்ந்த கலைஞர் தீட்டியது. தாங்கள் கேட்கும் ஆதிகுடிகளின் கைவண்ணத்தைக் காண, அநுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலைக்குச் செல்ல வேண்டும். வறண்ட காட்டிடைப் பாறைக்குகைகளில் மனிதரும் விலங்குகளும் எளிய கோடுகளாக நிற்பதைக் காணும்போது, கலை என்பது அரசவையில் பிறந்ததன்று என்ற உண்மை உள்ளத்தில் உறைக்கிறது. இலங்கையின் ஆதிகுடிகளான வேடர் சமூகத்தை நேரில் ஆராய்ந்து 1911ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், வேட்டைக்குச் சென்ற கணவரின் வரவை நோக்கிக் குகையில் காத்திருந்த பெண்கள், சாம்பலை உமிழ்நீரில் குழைத்து விரலால் இத்தகைய சித்திரங்களை வரைந்ததாகக் குறித்துள்ளனர்; இதைவிட நெஞ்சைத் தொடும் செய்தி நம் கலைச் சரித்திரத்தில் அரிது.

சாம்பல் கோடு விரல் பட்டாலே அழியும். ஆதலின் தொடுவதும், தெளிவாகத் தெரியட்டுமென்று நீர் தெளிப்பதும் கூடவே கூடா. மழைக்காலத்தைத் தவிர்த்து, தந்திரிமலை விகாரையின் பிக்குவிடம் அனுமதி பெற்று, காலையிலேயே செல்லுங்கள்.