வயது ஐம்பது, தூரம் எவ்வளவு?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையில் ஓடுகிறவர்களிடையே ‘பர்த்டே ரன்’ கிட்டத்தட்ட ஒரு சடங்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பெசன்ட் நகர் கடற்கரையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நாலைந்து பேர் கூடுகிறார்கள். பிறந்தநாள்காரரை நடுவில் விட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். முடிந்ததும் ஸ்கூட்டர் சீட்டின் மேல் கேக்கை வைத்து வெட்டிவிட்டு, பொங்கல் வடைக்கு ஓட்டல் தேடிப் போகிறார்கள். சிலர் அந்த மாதம் நடக்கிற போட்டி ஒன்றுக்கு மொத்தக் கூட்டமாகப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். நடுராத்திரியில் ஒருவர் முகத்தில் ஒருவர் கேக்கைப் பூசிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் அதைச் சுற்றி நம்பிக்கைகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் சில ஆளையே படுக்க வைக்கக்கூடியவை.

நம்பிக்கை: எத்தனை வயதோ அத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் பயமாக இருக்கிறது. 25 வயதுக்காரர் அரை மாரத்தானைவிட நான்கு கிலோமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 43 வயதானவர் முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையே தாண்டியாக வேண்டும். வயது கூடக்கூட தசையும் தசைநாணும் ஓட்டத்திலிருந்து தேறிவர அதிக நாள் கேட்கின்றன. இந்தக் கணக்கோ வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டே போகிறது. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவரை அதற்கு முந்தைய வாரம் 60 கிலோமீட்டர் ஓடச் சொன்னால், கோயில் படியில் எப்படி ஏறுவார்?

இங்கே இன்னொரு பழைய நம்பிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓட்டப் பயிற்சியில் ‘பத்து சதவீத விதி’ என்று ஒன்று உண்டு. வாரத்தின் மொத்தத் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். இதைக் கடைப்பிடித்தால் காயம் வராது என்று பல பேர் இன்றும் நம்புகிறார்கள். 2008-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இதைச் சோதித்தார்கள். நான்கு மைல் ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த 500-க்கும் மேற்பட்ட புதியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை இந்த விதிப்படியும் மற்றதை வழக்கமான முறையிலும் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது. வித்தியாசமே தெரியவில்லை.

அப்படியென்றால் தூரத்தை இஷ்டத்துக்குக் கூட்டலாமா? கூடாது. 2025-ல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, சுமார் 5,200 பேரின் ஓட்டக் கடிகாரப் பதிவுகளை எடுத்துக்கொண்டு பார்த்தது. கடந்த முப்பது நாட்களில் ஒருவர் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட, ஒரே ஒரு நாள் ஓடும் தூரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினாலே காயத்துக்கான வாய்ப்பு கூடியது. இரண்டு மடங்கைத் தாண்டினால் அந்த வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல் போனது. வாரக் கணக்கில் ஏறியதற்கு இப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஒரே நாளில் நிகழும் திடீர்த் தாவல்தான் காலை வாருகிறது.

பர்த்டே ரன் அச்சு அசல் அந்தத் தாவல்தான். போன மாதம் அதிகபட்சம் 12 கிலோமீட்டர் ஓடியவருக்கு நாற்பதாவது பிறந்தநாள் வருகிறது. ஒரே காலையில் மூன்று மடங்குக்கு மேல் போகிறார். கேட்டால் “வருஷத்துக்கு ஒரு நாள்தானே சார்” என்பார். முழங்காலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்வதற்கும் அந்த ஒரு நாளே போதும்.

எண்தான் முக்கியம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஐம்பது வயதுக்குப் பத்து நண்பர்கள், ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். தொடர் ஓட்டமாகக் கைமாற்றிக்கொண்டே போனால் ஐம்பதும் முடிந்துவிடும், கேக்குக்கு முன்னால் எல்லாரும் சொந்தக் காலில் நின்றுகொண்டிருப்பார்கள். நூறு மீட்டர்களில் எண்ணுவது இன்னும் எளிது. ஐம்பதுக்கு ஐந்து கிலோமீட்டர். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

நம்பிக்கை: நண்பர்கள் கூட இருந்தால் பயமில்லை

பாதி உண்மை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் உடம்புக்கு மிதமான வேகம். முழு வாக்கியமாகப் பேச மூச்சு இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பது, கடிகாரம் இல்லாதவருக்கும் கைகொடுக்கும் நல்ல அளவுகோல். தனியாக ஓடும்போது இந்தச் சோதனைக்கு வழியில்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டு போனால் தெருநாய் விடாது.

மறுபாதியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு ஓட்டத்தின்போது இதயம் நின்றுபோனது. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். 2010 முதல் 2023 வரை ஓடிய சுமார் 2 கோடியே 93 லட்சம் பேரில் 176 பேருக்கு அப்படி ஆனது. இறந்தவர்கள் 59 பேர். ஓடுகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இதயம் நிற்பது குறையவே இல்லை. பிழைப்பவர்கள்தான் கூடியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உடனே மார்பை அழுத்தியதும், மின்அதிர்ச்சிக் கருவி சீக்கிரம் வந்து சேர்ந்ததும் அதற்குக் காரணம்.

போட்டியில் அந்தக் கருவியும் ஆம்புலன்ஸும் நிற்கும். விடிகாலை ஐந்து மணிக்கு நாமாகக் கிளம்பும் ஓட்டத்தில் இருப்பது நண்பர்கள் மட்டுமே. அவர்களில் இரண்டு பேருக்காவது சிபிஆர் தெரிந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும். பிறந்தநாள் பரிசு என்ன வாங்கலாம் என்று குழம்பும் கூட்டம் அந்தப் பயிற்சிக்குச் சேர்ந்து போகலாம்.

நண்பர்கள் இருப்பதில் ஒரு வம்பும் உண்டு. முந்தின நாள் காய்ச்சல் அடித்தவர் தனியாக ஓடுவதாக இருந்தால் பேசாமல் படுத்துக்கொள்வார். பத்துப் பேர் தனக்காக அலாரம் வைத்து எழுந்து வந்திருக்கிறார்கள் என்றால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். காய்ச்சலோடு ஓடக் கூடாது. மார்பில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் பாதியில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். பிறந்தநாளுக்கு அடுத்த ஞாயிறும் விடியத்தான் போகிறது.

நம்பிக்கை: பிறந்தநாளுக்குப் புதுசுதான் போட வேண்டும்

சட்டைக் காலரில் மஞ்சள் தடவிப் போட்டுக்கொள்கிற ஊர் இது. காலணி விஷயத்தில் மட்டும் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். பரிசாக வந்த புது ஷூவை அன்றைக்கே மாட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓடினால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து சின்ன ஓட்டங்களில் பழக்கிய பிறகுதான் அதைப் போட்டிக்குப் போட வேண்டும். புது டி-ஷர்ட்டுக்கும் இதே கதைதான். அக்குளில் தையல் உராய்ந்த இடம் குளிக்கும்போது சொல்லும். மஞ்சளை கேக் வெட்டும்போது மாற்றிக்கொள்ளும் சட்டையில் தடவுங்கள்.

நம்பிக்கை: எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது

நம் ஊர் வெயிலில் இதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். ஆனால் 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது எடை ஏறும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டினார்கள். சோடியம் மிகவும் இறங்கினால் குழப்பம், வலிப்பு, உயிராபத்து வரை போகும். தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டிலை நீட்டுகிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டியதில்லை.

‘ஓடிவிட்டோம், இனி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமாராக ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி. க்ரீம் கேக்கின் ஒரு நல்ல துண்டும் ஒரு வடையும் அதைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடும். சாப்பிடுங்கள், பிறந்தநாள்தானே. ஓட்டத்தைச் சாக்காக இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நம்பிக்கை: பிப்பை யார் குத்திக்கொண்டால் என்ன?

பணம் கட்டிய நண்பருக்குக் கால் சுளுக்கு, பிறந்தநாள்காரருக்கோ பதிவு கிடைக்கவில்லை. ஓடுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப் கைமாறுகிறது. பெரும்பாலான போட்டிகளில் இதற்குத் தடை உண்டு, காரணமும் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வயது, ஒரு ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. ஓடுகிறவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு தப்பான வீட்டுக்கு போன் போடும். 32 வயதுப் பெண்ணின் பிப்பைக் குத்திக்கொண்டு 50 வயது ஆண் ஓடினால், பெண்கள் பிரிவின் பரிசுப் பட்டியலும் குளறுபடியாகும்.

நம்பிக்கை: அறுபதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு?

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபவுஜா சிங் தமது முதல் மாரத்தானை 2000-ல் லண்டனில் ஓடியபோது அவருக்கு 89 வயது. 2011 அக்டோபரில் டொராண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்தார். நூறு வயதில் மாரத்தான் ஓடியதற்காக அவர் பெயர் கின்னஸில் இருப்பதாகப் பலர் சொல்லக் கேட்கலாம், அது தவறு. பாஸ்போர்ட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது, நூறாவது பிறந்தநாளுக்கு எலிசபெத் ராணியின் வாழ்த்தும் வந்திருந்தது. ஆனாலும் பிறந்த காலத்துச் சான்றிதழைக் கேட்டது கின்னஸ். அந்தக் காலத்துப் பஞ்சாப் கிராமத்தில் அதற்கு எங்கே போவது? அவர் ஓடிய தூரம் உண்மை, பிறந்தநாள் மட்டும் நிரூபணம் ஆகவில்லை.

கின்னஸில் பிறந்தநாள் தடையானது என்றால், பாஸ்டன் மாரத்தானில் பிறந்தநாளுக்கு நிஜமாகவே ஒரு சலுகை உண்டு. அங்கே ஓட, பெரும்பாலானவர்கள் முன்னதாக ஒரு மாரத்தானைத் தகுதி நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அந்த நேரம் வயதுக்கு ஏற்ப மாறும். வயதைக் கணக்கிடுவது தகுதிக்காக ஓடிய நாளில் அல்ல, பாஸ்டன் போட்டி நாளில். 2026 போட்டியின் நாள் ஏப்ரல் 20. அன்றைக்கு 44 வயதில் இருக்கும் ஆணுக்குத் தகுதி நேரம் 3 மணி 5 நிமிடம், 45 முடிந்தவருக்கு 3 மணி 15 நிமிடம். ஏப்ரல் 20-ல் நாற்பத்தைந்தை எட்டுகிறவருக்குப் பத்து நிமிடம் இலவசம், 21-ல் எட்டுகிறவருக்கு ஒரு வினாடி கூடக் கிடையாது.