வானிலை ஆயும் குளிர்வாயு ராக்கெட்

இன்று மாடிக் கட்டடங்களும் கடைவீதிகளும் நிறைந்துள்ள பங்சார் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அங்குப் பால்வெட்டியவர்களும் விடியலில் முதலில் வானத்தையே நோக்கியிருப்பர். மரம் நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாது பட்டையெங்கும் வழியும்; வெட்டியபின் மழை பெய்தாலோ மங்கிலுள்ள பாலும் வீணாகும். அன்றைய வருமானம் குறையும். ஆதலின் மழையை முன்கூட்டி அறிதல் தோட்ட மக்களுக்கு இன்றியமையாதது.

தரை சூடேறும்போது ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழை பெரும்பாலும் இவ்வாறே உண்டாகிறது. ஆகவே தரைக்கு மேலுள்ள காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளத்தல் வேண்டும். தாழ்ந்த உயரத்தில் இவற்றை அளக்கச் சோதனை முறையில் பயன்படும் கருவிகளுள் ஒன்றே சிறு குளிர்வாயு ராக்கெட்.

இஃது இயங்கும் முறை எளிது. ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் விட்டால், காற்று பின்னோக்கிச் சீறும். பலூன் முன்னோக்கிப் பாயும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே இதற்குக் காரணம். குளிர்வாயு ராக்கெட்டில், நைட்ரஜன் போன்ற வாயு வலிய கலத்துள் அழுத்தி அடைக்கப்படுகிறது. அடைப்பைத் திறந்ததும் வாயு கீழ்நோக்கிப் பீறிட, ராக்கெட் மேலே எழுகிறது. எதுவும் எரிவதில்லை, விரியும் வாயு குளிரவே செய்கிறது. உச்சியில் பாராசூட் விரிய, கருவிகள் மெல்ல இறங்குகின்றன.

இதன் உந்துவிசை குறைவு. மிக உயரத்திற்கு எரிபொருள் ராக்கெட்டே தேவை. கேரளத்தின் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. பின்னர் அங்கிருந்து ஏவப்பட்ட ரோகிணி 200, சுமார் 70 கிலோமீட்டர் உயரம் வரை சென்று வானிலை ஆய்வுக்கு உதவியது.

நம் நாட்டில் வான்வெளியை அளக்கும் வழக்கமான சாதனம் பலூனே. பங்சாரை அடுத்த பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகத்தைக் கொண்ட மலேசிய வானிலை ஆய்வுத் துறை, சிப்பாங் முதலிய நிலையங்களிலிருந்து கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிடுகிறது. அவை சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் விரிந்து வெடிக்கும். அதுவரை வானொலி அலைகள் மூலம் செய்தி அனுப்பும். இத்தகைய பலூன்கள் பெரும்பாலும் இயற்கை ரப்பர்ப் பாலால் ஆனவை. மரத்தில் வடிந்த பாலே வானேறி, மழைச் செய்தியாய்த் தோட்டத்திற்குத் திரும்புகிறது எனலாம்.

பள்ளிப் பிள்ளைகள் ஏவும் நீர் ராக்கெட்டும் அழுத்திய காற்றாலேயே இயங்குகிறது. எனினும் அழுத்திய வாயு வெடிக்கக்கூடும். ஆசிரியரின் மேற்பார்வையின்றி நம் பிள்ளைகள் இதனைச் செய்யாதவாறு பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.