வடிவமைப்புப் பாடத்தில் மாற்றுத்திறனாளிகள்

வங்கிக் கணக்குத் தொடங்க வருபவர் நேரில் இருக்கும் மனிதர்தானா, அல்லது பிறர் புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றுபவரா என்பதைக் கணினி அறிய வேண்டியுள்ளது. அதற்காகக் காமிராவின் முன் கண்களைச் சிமிட்டுமாறு கேட்பது வழக்கமாயிற்று. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பெண் ஒருவர் 2023-ஆம் ஆண்டில் வங்கி ஒன்றை அணுகியபோது, இச்சோதனையை அவரால் நிறைவேற்ற இயலவில்லை. இது தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று கூறிய நீதிமன்றம், 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இத்தகைய சோதனைகளை வடிவமைப்போர் தீய நோக்கம் உடையவர் அல்லர். கல்லூரியில் நன்கு பயின்று வெளிவந்தவர்களே. கண் சிமிட்ட இயலாத ஒருவரும் வாடிக்கையாளராக வரக்கூடும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதே குறை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் 69 விழுக்காட்டினர் கிராமவாசிகள். அக்கணக்கெடுப்பிற்குப் பின் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. பொறியாளர், கட்டடக் கலைஞர், மருத்துவர், ஆசிரியர் முதலியோருக்கான கல்வியில் இயலாமை பற்றிய பாடம் ஒரு கூறாக அமைய வேண்டும் என்று அச்சட்டத்தின் 47-ஆவது பிரிவு விதிக்கிறது. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்தி இவ்விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டுவது எளிது. ஆனால் மதிப்பெண் இல்லாத பாடத்தை மாணவர் படிப்பதில்லை. இதற்காக அவர்களைக் குறை கூறிப் பயனுமில்லை.

வெண்கோல் தரும் பாடம்

தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் வழிகாட்டுதலில் உருவான 'ஸ்மார்ட்கேன்' என்னும் கருவி இங்கு ஆராயத்தக்கது. இளநிலை மாணவர்களின் செயல்திட்டமாகத் தொடங்கிய அது, 2014-இல் பயனாளிகளின் கைக்கு வந்தது.

பார்வையற்றோருக்குக் கருவி செய்க என்றால், வெண்கோலுக்குப் பதிலாக மின்னணுப் பொறி ஒன்றை அமைப்பதே பொறியியல் மாணவருக்கு முதலில் தோன்றும். ஆனால் வெண்கோலைக் கையாண்டு பழகியவருக்கு அக்கோல் குறையுடைய கருவி அன்று. பள்ளம், படிக்கட்டு, தரையின் தன்மை ஆகியவற்றை அது மலிவாகவும் திறம்படவும் உணர்த்திவிடுகிறது. முழங்காலுக்கு மேல் உள்ளவற்றை மட்டுமே அதனால் அறிய முடியாது. தாழ்ந்த மரக்கிளை, திறந்திருக்கும் சன்னல் கதவு, நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்புறம் போன்றவை முகத்திலும் மார்பிலும் மோதிக் காயப்படுத்துகின்றன. ஆகவே ஸ்மார்ட்கேன் கோலை அகற்றவில்லை. கோலின் மேற்பகுதியில் பொருத்தப்படும் துணைக் கருவியாக அமைந்தது.

அது செவிக்குப் புலப்படாத மீயொலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். எனவே மூன்று மீட்டர் சென்று மீள்வதற்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரமே ஆகும். இக்கணக்கை முதலாண்டு மாணவரும் போட்டுவிடுவார். எச்சரிக்கையை எவ்வாறு தெரிவிப்பது என்பதே கடினமான வினா. மணியோசை எழுப்பலாம் எனில், பார்வையற்றவர் சாலையைக் கடப்பது வாகன ஒலியைக் கேட்டே. அச்செவியைக் கருவி ஆக்கிரமிக்கலாகாது. எனவே கைப்பிடியின் அதிர்வு மூலம் தொலைவு உணர்த்தப்பட்டது. பார்வையற்றவர்களுடன் அமர்ந்து பேசாத மாணவருக்கு இம்முடிவு எளிதில் தோன்றியிராது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மாணவர் செயல்திட்டம் ஒரு பருவத்தில் முடிந்துவிடும்; பயன்படத்தக்க பொருள் அவ்வாறு முடிவதில்லை. வெளி நிதியுதவியும், சென்னைத் தொழிலகம் ஒன்றின் உற்பத்தித் திறனும், பயனாளிகளிடையே பணிபுரியும் அமைப்பின் துணையும் கூடிய பின்னரே இக்கருவி சந்தைக்கு வந்தது. ஆண்டுதோறும் கல்லூரிக் கண்காட்சிகளில் கைதட்டல் பெறும் மாதிரிகள் பல அலமாரியிலேயே தங்கிவிடுவதற்கு இத்தொடர்ச்சி இல்லாமையே முதற் காரணம் எனலாம்.

கணினி வகுப்பில்

மென்பொருள் பயிலும் மாணவருக்கு ஆய்வுக்கூடச் செலவும் தேவையில்லை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவர் இருவரின் முயற்சியால் உருவாகி, இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. மாணவர் தாம் எழுதிய நிரலைத் திரையை அணைத்துவிட்டு இதன் துணையால் இயக்கிப் பார்க்க வேண்டும். பெயரிடப்படாத பொத்தான்களை அது 'பொத்தான், பொத்தான்' என்று மட்டுமே வாசிக்கும். எது பணம் அனுப்பும், எது அனுப்புவதைக் கைவிடும் என்று விளங்காது.

எனினும் கண்களைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தடுமாறுவதையே பயிற்சியாகக் கொள்வது தவறு. அதனால் இரக்கம் பிறக்கலாம், அறிவு பிறப்பதில்லை. பல்லாண்டுப் பயிற்சி உடைய பார்வையற்றவர் அவ்வாறு தடுமாறுவதில்லை. திரைவாசிப்பானை மாணவர் பின்தொடர இயலாத விரைவில் இயக்கிக் கேட்கிறார். அவரைக் காட்சிப்பொருளாக அன்றி, தேர்வாளராக வகுப்பிற்கு அழைக்க வேண்டும். செயல்திட்ட மதிப்பெண்ணில் ஒரு பகுதி அவர் கையில் இருத்தல் நலம். தொடக்கத்தில் ஒரு முறையும், பாதி வேலையில் ஒரு முறையும் அவர் வருதல் வேண்டும். முடிந்த பின் அழைத்தால் மாணவரிடம் திருத்துவதற்கு நேரம் இராது, சாக்குகளே இருக்கும்.

அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. தட்டச்சு செய்த சுற்றறிக்கையை அச்சிட்டு, கையொப்பமிட்டு, படமாக்கி அனுப்புவது இன்றும் காணப்படும் வழக்கம். திரைவாசிப்பானுக்கு அது பல நேரங்களில் வெற்றுத் தாளே. தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் அணுகுதன்மைக்கென இந்தியத் தர அமைவனம் ஐ.எஸ். 17802 என்னும் தரத்தை வகுத்துள்ளது. ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைகள் அத்தரத்தை நிபந்தனையாக்கினால், நிறுவனங்கள் அதனை அறிந்த பட்டதாரிகளைத் தேடும். கல்லூரிகளும் பாடத்திட்டத்தை மாற்ற முன்வரும். தேர்வாளராக வரும் மாற்றுத்திறனாளிக்கு உரிய மதிப்பூதியமும் பயணப்படியும் வழங்கப் பல்கலைக்கழகத்தின் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு வேண்டும். பிற புறத் தேர்வாளர்களுக்கு அது இப்போதும் வழங்கப்பட்டு வருகிறது.