எலெக்ட்ரிக் காரைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள்

பெட்ரோல் கார்க்காரருக்கு வருடா வருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது. 2008 முதல் நடக்கும் அந்தப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம், அதாவது நம் வாயில் வரும் 'லைசன்ஸ்', கிடைக்காது. முழு எலெக்ட்ரிக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. பஸ், லொறிக்குக் கேட்கும் தகுதிச் சான்றிதழும் சொந்தப் பாவனைக் காருக்குக் கேட்பதில்லை. இன்சூரன்ஸ் கட்டி, ஒன்லைனில் லைசன்ஸும் எடுத்துவிட்டால், உங்கள் பிரேக்கை ஒரு அதிகாரியும் பார்க்காமலே வருடங்கள் ஓடிவிடும். இது சலுகை மாதிரித் தெரியும், உண்மையில் ஆபத்து. 2015ஐ ஒட்டி இறங்கிய நிசான் லீஃப்கள் பத்து வயதில் மருதானைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. சோதனையை நீங்களே வையுங்கள்.

செய்ய வேண்டியவை

• பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகையைப் பாருங்கள். ஹைபிரிட் என்று தவறாகப் பதிந்திருந்தால் புகைச் சான்றிதழ் கேட்பார்கள். நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் அதைத் திருத்துங்கள்.

• முதலில் இன்சூரன்ஸ், பிறகு லைசன்ஸ் என்ற வரிசையில் போங்கள். செல்லுபடியாகும் காப்புறுதி இல்லாமல் பிரதேச செயலகத்திலும் வேலை நடக்காது, ஒன்லைனிலும் நடக்காது.

• சில்லைக் கழற்றி பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் அதிகம் உரசாது. உரசாத டிஸ்க்கில் துரு ஏறும். காலி வீதிக் கடற்காற்றில் இன்னும் சீக்கிரம் ஏறும். அவசரத்துக்கு மிதிக்கும்போதுதான் குறை தெரியும்.

• டயர்களை மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள். பெற்றரியின் பாரமும் மோட்டாரின் சட்டென்ற இழுவையும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும்.

• சிறிய 12 வோல்ட் பெற்றரியையும் சோதியுங்கள். பெரிய பெற்றரி நிறைய சார்ஜ் இருந்தாலும், இது செத்தால் கார் உயிர்பெறாது.

• பாவித்த லீஃப் வாங்குமுன் ஓபிடி கருவியைச் செருகி, லீஃப்ஸ்பை ஆப்பில் பெற்றரியின் ஆரோக்கிய வீதத்தையும் செல்களுக்கிடையிலான வோல்ட் வித்தியாசத்தையும் பாருங்கள். கருவியைச் செருக விடாத விற்பனையாளரிடம் பேரம் பேச வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• டாஷ்போர்டில் பெற்றரிக் கொள்ளளவைக் காட்டும் 12 கோடும் நிற்கிறதே என்று முற்பணம் கொடுக்காதீர்கள். ஏறக்குறைய 15 சதவீதக் கொள்ளளவு போன பிறகுதான் முதல் கோடே மறையும். போதாததற்கு, கணினியை ரீசெட் செய்து கோடுகளைத் திரும்ப வரவைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். சில வாரம் ஓட்டியதும் கோடுகள் சரசரவென்று விழும். ஃபுல் சார்ஜில் நீங்களே ஓட்டி, எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

• ஒரேஞ்ச் நிற வயரைத் தொட யாரையும் விடாதீர்கள். அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல். பெட்ரோல் எஞ்சினில் எவ்வளவு கைராசியான பாஸாக இருந்தாலும், எலெக்ட்ரிக் பயிற்சி இல்லையென்றால் வேண்டாம்.

• பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று சோதிக்காத பெற்றரி மொடியூலை வாங்காதீர்கள். கதவு, கண்ணாடி, பம்பர் வாங்க அதைவிட நல்ல இடம் கொழும்பில் இல்லை. செல் வேறு விஷயம். ஒரு பலவீனமான செல் முழுப் பெற்றரியையும் கீழே இழுக்கும்.

• எக்ஸ்டென்ஷன் வயரில் இரவு முழுக்க சார்ஜ் போடாதீர்கள். பல மணிநேரம் தொடர்ந்து முழு கரண்டும் ஓடினால் பிளக் உருகும். சார்ஜருக்குத் தனி லைனும் டிரிப் சுவிட்சும் போடுங்கள்.

• லைட், ஹோர்ன் மாற்றி அழகு பார்க்காதீர்கள். 2025 ஜனவரியில் பொலிஸார் வீதியில் மறித்து, சட்டத்துக்குப் புறம்பான உதிரிகளைக் கழற்ற வைத்தார்கள்.

• வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தோ சார்ஜ் போட்டோ பார்க்காதீர்கள். இன்சூரன்ஸுக்குச் சொல்லி, தூக்கிச் செல்லும் வண்டியில் ஏற்றுங்கள். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு "அவசர விற்பனை" என்று வரும் காரின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை வாங்காதீர்கள்.