பெட்டியில் மிச்சம், கணக்கில் நட்டம்

கம்பியூட்டரைப் பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பழக்கம் எமது பிள்ளைகளிடம் இருக்கிறது. சதத்துக்கும் கணக்குப் பார்க்கும் எம் போன்ற வியாபாரிகளுக்கும் இது பிடித்தமான விடயமே. ஆனால், கையிலுள்ள பணம் போதாதபோது நாம் முதலில் குறைப்பது கேசிங்கின் விலையைத்தான். "வெறும் தகரப் பெட்டிதானே" என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2017ஆம் ஆண்டு எனது கடைக்கு மகன் ஒரு கம்பியூட்டர் பொருத்தினான். "பவர் சப்ளையைத் தனியாக நல்லதாக வாங்குவோம் வாப்பா" என்றான். பவர் சப்ளையும் உள்ளேயே பூட்டி வரும் மலிவான கேசிங் ஒன்றைக் காட்டி, "இதில் ஐயாயிரம் ரூபா மிச்சம்" என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

எட்டாவது மாதம் ஒரு நாள் அஸர் நேரத்தில் கருகிய மணம் வந்தது. பவர் சப்ளை எரிந்து, மதர்போர்ட்டையும் ஹார்ட் டிஸ்கையும் தன்னோடு கொண்டுபோய்விட்டது. கடையின் கடன் கணக்கு முழுவதும் அந்த டிஸ்கில்தான் இருந்தது. கடைசியாக அச்செடுத்து வைத்தது மூன்று மாதங்களுக்கு முன்னர். "நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டு நின்றேன். அநேகமானோர் நேர்மையாகச் சொன்னார்கள். சிலருக்கு ஞாபகம் வரவில்லை. நட்டம் ஐயாயிரத்தோடு நிற்கவில்லை.

அன்று படித்ததை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, பெட்டியையும் பவர் சப்ளையையும் வெவ்வேறாகப் பாருங்கள். பெட்டியில் மலிவைத் தேடலாம், பவர் சப்ளையில் தேடக் கூடாது. அதன் பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற இடத்தை வாசியுங்கள். புரொசஸரும் கிராபிக்ஸ் கார்ட்டும் பெரும்பாலும் அந்த வழியில்தான் மின்சாரம் எடுக்கின்றன. எரிந்துபோன எங்களுடையதில் 500 வொட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருந்தது. 12 வோல்ட்டுக்கு நேரே 18 அம்பியர் என்றிருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வொட்ஸ்தான். வாங்கும் முன் நான் செய்திருக்க வேண்டிய கணக்கு அது.

இரண்டாவது, அளவு. ஏ.ரி.எக்ஸ். மதர்போர்ட் 305க்கு 244 மி.மீ.; மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். 244க்கு 244 மி.மீ. பெரிய கேசிங்கில் சிறிய போர்ட்டைப் பூட்டலாம், சிறியதில் பெரியதைப் பூட்ட முடியாது. கிராபிக்ஸ் கார்ட்டின் நீளத்தையும், புரொசஸர் மேல் வரும் கூலரின் உயரத்தையும் எழுதிக்கொண்டு போய், கேசிங் கொள்ளும் அளவோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, காற்று. முன்பக்கம் கண்ணாடியால் மூடப்பட்டு வண்ண விளக்குகள் எரிவது பார்க்க அழகுதான். எமது நாட்டு வெக்கைக்கு ஏற்றது முன்பக்கம் வலையாக உள்ள கேசிங். முன்னால் ஒரு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். 120 மி.மீ. ஃபேன் பூட்டும் இடம் இருந்தால், பழுதானால் மாற்றுவது இலகு. தூசு வடி கழற்றிக் கழுவக்கூடியதா என்றும் பாருங்கள்.

நான்காவது, தகரம். பக்கக் கதவைக் கழற்றச் சொல்லி, பெருவிரலால் அமர்த்திப் பாருங்கள். நெளிந்தால் வேண்டாம். உள்விளிம்புகள் மடிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டுபவரின் கையை வெட்டும். மதர்போர்ட்டைத் தகரத்தில் படாமல் தூக்கி வைக்கும் சிறு பித்தளைத் தாங்கிகளும் ஆணிகளும் இருக்கின்றனவா என்று எண்ணி வாங்குங்கள். தாங்கி இல்லாமல் பூட்டினால் ஷோர்ட் ஆகிவிடும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் நாலு கடை ஏறி இறங்கினால், இவை யாவும் உள்ள ஆடம்பரமில்லாத கேசிங் கிடைக்கும். இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். அளவுமுறை இன்றும் பாவனையில் உள்ளது. எனவே நல்ல பெட்டி ஒன்று இரண்டு மூன்று கம்பியூட்டர்களுக்கு உழைக்கும்.

இப்போது கடையிலுள்ளது வெறும் கறுப்பு நிறப் பெட்டி. விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அதில் மிஞ்சிய பணம் பவர் சப்ளைக்குப் போனது. வியாழன்தோறும் கடை சாத்த முன் மகன் கணக்கை வேறொரு டிஸ்கில் பிரதி எடுக்கிறான். எடுத்தாயிற்றா என்று கேட்காமல் நான் கதவைப் பூட்டுவதில்லை.